குளிக்கலாம், கிளம்பக் கூடாது

கைராசி என்ற சொல்லை ஒரு குவாண்டம் இயற்பியல் ஆய்வகத்தில் முகம் மாறாமல் உச்சரிக்க முடியும் என்று எனக்குக் காட்டியவர் என் வழிகாட்டிப் பேராசிரியர் கங்காதரன்.

"தப்பா எடுத்துக்காதம்மா ஜெரூஷா. உனக்கு எல்லாம் இருக்கு. கைராசி மட்டும் இல்லை," என்றார்.

வாராந்திரக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், ஆறின டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். பக்கத்தில் பரணி தலையைக் குனிந்துகொண்டான். பரணிக்குக் கைராசி உண்டு. அவன் போடும் சிப்பெல்லாம் பாடும். நான் போடும் சிப்பெல்லாம் இருமும். இதுதான் எங்கள் ஆய்வகத்தின் அப்போதைய அறிவியல் நிலவரம்.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை கூடும் சாலைக்குப் பின்னால், ஒரு தனியார் கல்லூரியின் மூன்றாம் மாடியில் இருக்கிறது எங்கள் ஆய்வகம். நாங்கள் செய்வது இதுதான்: தட்டு மாதிரி வழவழவென்று இருக்கும் சிலிக்கான் வேஃபர் மேல் நயோபியம் என்ற உலோகத்தை மிக மெல்லிய படலமாகப் படியவைப்போம். அதில் வளைந்து நெளிந்து ஓடும் ஒரு கோட்டைச் செதுக்கி, நகத்தளவு சிப்பாக வெட்டுவோம். அதைக் கடுங்குளிரில் வைத்தால் மின்தடை காணாமல் போய்விடும். அப்போது ஒரு நுண்ணலையை அனுப்பினால் அந்தக் கோடு ரீங்கரிக்கும். எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுகிற மாதிரிதான். எவ்வளவு நேரம் ஒலிக்கிறதோ அவ்வளவு நல்ல டம்ளர். அதை அளக்கும் எண்ணுக்கு க்யூ என்று பெயர். ரேஷன் கடை க்யூ இல்லை, ஆங்கில எழுத்து க்யூ.

ஒலிக்கிற டம்ளரில் யாராவது விரலை வைத்தால் சத்தம் செத்துவிடும். எங்கள் சிப்பில் அந்த விரல், படலத்துக்கும் சிலிக்கானுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் அழுக்குத் தோல். காற்று பட்டாலே சிலிக்கான் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தோல் வளர்ந்துவிடும். அதை அமிலத்தில் முக்கிக் கழுவிவிட்டு, மறுபடி வளர்வதற்குள் வெற்றிட இயந்திரத்துக்குள் தள்ளிவிட வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நடுவில் ராகு வராதவரை எளிதுதான்.

சார் நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். குவாண்டம் இயற்பியலைக் கரும்பலகையில் அவர் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பையன்கள் ஜன்னலில் நிற்பார்கள். ஆனால் ராகு காலத்தில் எந்தக் காரியத்தையும் தொடங்க மாட்டார். இயந்திரம் அவருடைய பத்து வருட உழைப்பு. வரிசையாக ஏழு மனு போட்டு வாங்கியது. அதன் கதவு ராகு காலத்தில் திறக்கப்படக் கூடாது என்பது ஆய்வகச் சட்டம். கையுறை போடாவிட்டால் திட்டுவார், அவ்வளவுதான். ராகு காலத்தில் கதவைத் தொட்டால் ஆளையே மாற்றிவிடுவார்.

அதற்காக நேரம் வீணாவதையும் அவர் விரும்பவில்லை. பகுத்தறிவாளர் அல்லவா. அதனால் ஒரு சமரசம் கண்டுபிடித்திருந்தார்.

"அமிலத்துல கழுவுறது குளிக்கிற மாதிரி. ராகு காலத்துல குளிக்கலாம், தப்பில்ல. மெஷினுக்குள்ள லோட் பண்றதுதான் கிளம்புறது. கிளம்பத்தான் கூடாது."

இதை மறுக்க எந்தப் பாடப்புத்தகத்தைத் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அமில அறை வேதியியல் துறையுடையது. எங்களுக்குக் காலை பத்து மணிக்குத்தான் அதைத் தருவார்கள். இயந்திரத்தில் பரணிக்குத் திங்கட்கிழமை, எனக்கு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை ராகு காலம் ஒன்பது மணிக்கே முடிந்து, ராகு தன் வேலையைப் பார்க்கப் போயிருப்பார். பரணி கழுவுவான், உலர்த்துவான், மாடியேறி நேராக இயந்திரத்தில் வைப்பான். வெள்ளிக்கிழமை நான் கழுவி உலர்த்தி மாடியேறும்போது மணி பத்தரை ஆகியிருக்கும். ராகு சரியாக வந்து உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டு வரை கிளம்பக் கூடாது. அதுவரை குளித்து முடித்த என் வேஃபர், ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், ஏசி ஓடுகிற சார் அறையில், பிள்ளையார் படத்துக்குக் கீழே காத்திருக்கும். வெள்ளிக்கிழமை என்பதால் பிள்ளையாருக்கு ஊதுபத்தியும் உண்டு. வேஃபருக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

காத்திருந்தால் கெட்டுவிடாதா என்று முதல் மாதமே கேட்டேன். "பேப்பர்ல பல மணி நேரம் தாங்கும்னு போட்டிருக்கான்மா," என்று ஒரு கட்டுரையை எடுத்துக் காட்டினார். போட்டிருந்தான்தான். ஆனால் அந்தக் கட்டுரை எழுதப்பட்ட ஊரில், காலையில் காயப்போட்ட துணி ராத்திரியும் ஈரமாகத் தொங்காது. பல்லாவரத்துக் காற்றைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். ஆனால் அது அச்சில் வந்தது, நான் அச்சில் வராதவள். நம்பிவிட்டேன்.

ஆக வெள்ளிக்கிழமை சிப் எல்லாம் மோசம் என்பது ஊரறிந்த விஷயமாயிற்று. விளக்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. சந்தைக்கு வரும் லாரிகளின் அதிர்வு என்றார் ஒருவர். பழைய இரும்புக் கடைகளின் தூசி என்றார் இன்னொருவர். விமான நிலைய ரேடார் என்றுகூட ஒரு கட்சி இருந்தது. ரேடாருக்கு வெள்ளிக்கிழமை மட்டும் எங்கள்மேல் என்ன கோபம் என்று யாரும் கேட்கவில்லை. அதிர்வு அளக்கும் கருவி வாடகைக்கு வந்தது. ஜன்னல்களுக்கு இரட்டை டேப் ஒட்டினோம். எதுவும் பலிக்காமல் போனபோது மிச்சமிருந்தது என் கை மட்டும்தான்.

பரணியின் கையோ பொதுச் சொத்தாகிவிட்டது. புதுப் பம்பு வந்தால் பரணிதான் சுவிட்ச் போட வேண்டும். சார் கார் வாங்கப் போனபோது பரணியைக் கூட்டிப்போனார். சந்தையில் செடி விற்கும் கன்னியம்மா, "தம்பி, இன்னிக்கி இன்னும் போணி ஆவல, உன் கையால எதுனா வாங்கிக்கினு போ," என்று கூப்பிடும். அந்தச் செய்தி கீழே எப்படி இறங்கியது என்று எனக்குத் தெரியாது. பரணி குன்றத்தூர்க்காரன், வெள்ளை மனசு. கூச்சத்தோடு ஒரு துளசிச் செடியை வாங்கி வருவான். ஆய்வக ஜன்னல் முழுவதும் துளசி.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம்தான், என் ஆய்வுக் காலத்துக்குக் கடைசி நீட்டிப்பு வரும்வரை. பல்கலைக்கழகம் அதற்கு மேல் ஒரு நாளும் தராது. அதற்குள் நல்ல க்யூ உள்ள ஒரு சிப் என் கையால் வர வேண்டும். அது இல்லாமல் என் ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் இல்லை. கடைசி அத்தியாயம் இல்லாமல் பட்டம் இல்லை. கூட்டத்தில் சார் கைராசியைப் பற்றிச் சொன்னதன் பொருள் இதுதான்: கடைசி சிப்பைப் பரணி போடுவான். கட்டுரையில் அவன் பெயர் முதலில் வரும். நான் வேண்டுமானால் அவனுக்கு உதவியதாகச் சொல்லிக்கொள்ளலாம். என் ஆராய்ச்சியில் நானே விருந்தாளி.

தாம்பரத்துக்கு ரயிலில் திரும்பும்போது என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அழுகை வந்தது. இயற்பியல் படித்தவள், ராசி பார்க்காத வீட்டில் பிறந்தவள், என் கையில் என்ன குறை என்று தேடிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது.

அம்மா அமலராணி, நர்ஸ். கதையைக் கேட்டுக் கொதித்துப் போனாள். "கைராசியாவது மண்ணாவது! உங்க சாருக்கு மூளை இருக்கா? படிச்சவர்தானே?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னைப் பாஸ்டரிடம் இழுத்துப் போய், "ஐயா, புள்ள கைக்கு ஒரு ஜெபம் பண்ணுங்க," என்றாள். வலது கையா இடது கையா என்று பாஸ்டர் கேட்டார். ரெண்டுக்கும் என்றாள் அம்மா.

விஷயம் திரும்பியது பரணியின் தங்கை நிச்சயதார்த்தத்தால். திங்கட்கிழமை அவனால் வர முடியாது.

"ஜெரு, நீ என் திங்கக்கெழமைய எடுத்துக்க, நான் உன் வெள்ளிக்கெழமைய எடுத்துக்கறேன். சாராண்ட சொல்லாத, இன்னா ஏதுன்னு கேட்டு பேஜார் பண்ணுவாரு," என்றான்.

அப்படியே செய்தோம். அந்த இரண்டு நாளும் சார் பெரும்பாலும் வகுப்பில் இருந்ததால் கவனிக்கவில்லை. இரண்டு சிப்பும் நகரத்துக்குள் இருக்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் குளிர் இயந்திரத்துக்குப் போயின. அதற்கும் ஃப்ரிட்ஜ் என்றுதான் பெயர். மாவும் தயிரும் வைப்பதற்குப் பதில் எங்கள் மாதிரி ஆட்களின் எதிர்காலத்தை வைப்பார்கள்.

முடிவுகள் வந்த அன்று சார் மலர்ந்த முகத்தோடு கூட்டத்துக்கு வந்தார். "திங்கட்கிழமை சிப், இதுவரைக்கும் நம்ம லேப்லயே வராத க்யூ! பரணி, கையக் கொடுப்பா." பரணி கையைக் கொடுக்கவில்லை. சார் என் பக்கம் திரும்பி, துக்க வீட்டில் பேசும் குரலில், "வெள்ளிக்கிழமைது வழக்கம் போலத்தாம்மா," என்றார்.

பரணி எழுந்தான். "சார், திங்கக்கெழமது ஜெரு போட்டது. வெள்ளிக்கெழம வீணாப்போனது என்னுது."

ஒரு கொள்கை சாய்ந்தால் அறிவியலாளர் என்ன செய்வார்? இன்னொரு கொள்கை எழுப்புவார். சார் கண்ணை மூடித் திறந்து, "பரணியோட நாள்தானே அது. அவன் ராசி மெஷின்ல இருந்திருக்கும்," என்றார்.

எனக்கோ அப்போதுதான் பொறி தட்டியது. கை மாறியும் வெள்ளிக்கிழமை கெட்டது. அப்படியானால் கை இல்லை. வேஃபர் ஒரே பெட்டியிலிருந்து வந்தது, அமிலம் ஒரே பாட்டில், இயந்திரமும் ஒன்றே. திங்கட்கிழமை நான் செய்யாத ஒரே வேலை, வேஃபர் பெட்டியைச் சார் அறைக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்குக் கீழே வைப்பது. கழுவிய வேஃபர் அங்கே ஈரக் காற்றில், ஊதுபத்திப் புகையில் உட்கார்ந்து மறுபடி தோல் வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. க்யூவில் நின்று நின்று என் க்யூ செத்திருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் சாரிடம் சொன்னேன். இந்த வெள்ளிக்கிழமை காத்திருக்காமல் உடனே வைத்துப் பார்க்கலாம் என்றேன்.

"ராகு காலத்துலயா? என் மெஷின்லயா?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

"ஒரே ஒரு தடவை சார்."

"ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பொறுப்பு? பேசாம போ."

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாருக்குப் பேத்தியின் காதுகுத்து, குன்றத்தூர் மலைக்கோயிலில். முருகன் எனக்கு உதவினார் என்று சொன்னால் அம்மா கோபித்துக்கொள்வாள். பத்தரை மணிக்கு, ராகு சுடச்சுட இருக்கும்போது, இயந்திரத்தின் கதவைத் திறந்து வேஃபரை வைத்தேன். பரணி பக்கத்தில் நின்றான். "இன்னா ஜெரு, வெடிக்குமா?" என்று கேட்டான். வெடிக்கவில்லை. பம்பு ஓடியது. படலம் படியும்போது எழும் ஊதா வெளிச்சம் வந்தது. நயோபியத்துக்குப் பஞ்சாங்கம் தெரியவில்லை.

அந்தச் சிப் திங்கட்கிழமை சிப்பையும் தாண்டியது.

சாரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "ராகு காலத்துல வச்சே இப்படி வருதுன்னா... ஜெரூஷா, உனக்குத்தாம்மா கைராசி! எங்கயோ ஒளிஞ்சிருந்திருக்கு!" என்றார்.

வீட்டில் அம்மா, "பாத்தியா, ஜெபம்," என்றாள். ஆக, சிப் நன்றாக வந்ததற்கு இப்போது இரண்டு விளக்கங்கள் இருந்தன. காற்று என்று சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து நான்தான் சுவிட்ச் போட்டேன். டீ இயந்திரத்தை நான் திறந்துவைத்தேன். கன்னியம்மா என்னைக் கூப்பிடத் தொடங்கியது. பரணி நிம்மதியாகப் படியேறினான். கடைசி சிப் என்னுடையது, கட்டுரையில் என் பெயர் முதலில் என்று சார் அறிவித்தார். ஒரே ஒரு நிபந்தனை. காத்திருப்பைப் பற்றி நான் எழுதியிருந்த அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். "அது எதுக்கும்மா? நல்ல ரிசல்ட் வந்துடுச்சே. பழைய சிப்பெல்லாம் ஏன் கெட்டுச்சுன்னு நாமளே ஊருக்குச் சொல்லணுமா?" என்றார். ஆய்வேடு அவர் கையெழுத்துக்காக மேஜைமேல் இருந்தது. அந்த அத்தியாயத்தை உருவி எடுத்துக்கொண்டேன். பட்டம் வேண்டும் எனக்கு. போதாததற்கு, கைராசிக்காரியாக இருப்பது நன்றாகவும் இருந்தது.

நான் படலம் போடும் வேலையை முடித்துவிட்டதால் என் வெள்ளிக்கிழமை, புதிதாகச் சேர்ந்த சினேகாவுக்குப் போனது. படப்பையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண். முதல் சிப் மோசம். அடுத்ததும் மோசம். மூன்றாவது வெள்ளிக்கிழமை அவள் வேஃபரைக் கழுவி, பெட்டியைச் சாமிப் பிரசாதம் மாதிரி ஏந்திக்கொண்டு மேலே வந்தாள். கண் சிவந்திருந்தது. இரண்டு கையையும் அடிக்கடி பார்த்துக்கொண்டாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ரயிலில் அதோடுதான் தாம்பரம்வரை போனேன்.

சார் தன் அறை வாசலில் நின்று, "சினேகா, இங்க வை. பன்னெண்டு மணிக்கு ஜெரூஷா கையால போட்டுக்கலாம். இனிமே எல்லா வேஃபரும் ஜெரூஷாதான் போடுவா," என்றார். எனக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துச் சொன்னார், பாவம்.

"நான் போட மாட்டேன் சார்," என்றேன். "சினேகாவே போடட்டும். இப்பவே போடட்டும்."

"மணி பத்தே முக்கால்மா."

"அதனாலதான் சார். லேட் ஆயிடுச்சு."

அவர் முகம் இறுகியது. மேஜைமேல் இருந்த என் ஆய்வேட்டின்மேல் கையை வைத்தார். "இது இன்னும் எங்கிட்டதான் இருக்கு. ஞாபகம் இருக்கா?"

நீட்டிப்பு முடிய அதிக நாளில்லை. இன்னொரு வழிகாட்டி கிடையாது. பேசாமல் பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து, கைராசியான இந்தக் கையால் வேஃபரை எடுத்து வைத்தால் சாயங்காலமே கையெழுத்து வாங்கிவிடலாம். சினேகா மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டே படப்பைக்குப் போவாள்.

"இருக்கு சார்," என்றேன். சினேகாவின் தோளைத் தொட்டு இயந்திரத்திடம் அழைத்துப் போனேன். கதவை நான் திறந்தேன். உள்ளே வைத்தது அவள். சார் வாசலில் நின்று இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்பு ஓடத் தொடங்கியதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்புறம் முடிவு வரும்வரை என்னோடு பேசவில்லை.

சினேகாவின் சிப் என்னுடையதையும் தாண்டிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் வலித்தது. போயும் போயும் இப்போதுதான் கைராசி வந்தது, அதற்குள் போய்விட்டதே.

சார் என்னைக் கூப்பிட்டார். பரணிக்கும் கைராசி, எனக்கும் கைராசி, நேற்று வந்த பெண்ணுக்கும் கைராசி என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. எண்களையே பார்த்துக்கொண்டு, "அந்த சாப்டர எடுத்துட்டு வா," என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். உட்காரச் சொல்லாமல் படித்தார். ஒரு வரியில் நின்று, பேனாவை எடுத்துத் திருத்தி, என்னிடம் நீட்டினார்.

கழுவிய வேஃபர்கள் ராகு காலம் கருதி ஒன்றரை மணி நேரம் காற்றில் வைக்கப்பட்டன என்று நான் எழுதியிருந்தேன். அவர் ராகு காலத்தை அடித்துவிட்டு, 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று ஆங்கிலத்தில் நாசூக்காக எழுதியிருந்தார்.

"இப்படி இருக்கட்டும். வெளிநாட்டு எக்ஸாமினர் படிப்பான்," என்றார்.

"சார், தவிர்க்க முடியாததுன்னா சினேகா எப்படித் தவிர்த்தா?"

சொன்ன பிறகுதான் பயந்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் இத்தனை சோர்ந்து நான் பார்த்ததில்லை.

"எத்தனை வருஷம்மா வெள்ளிக்கிழமை போட்டே?"

"சேர்ந்ததுலேர்ந்து சார்."

அவர் தாளைத் திரும்ப வாங்கினார். தான் எழுதியதைத் தானே அடித்தார். அதற்கு மேலே, என் பெயரை முதல் நாள் சேர்க்கைப் படிவத்தில் எழுதிய அதே கோணல் கையெழுத்தில், 'வழிகாட்டியின் உத்தரவுப்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.